இடுப்பு உயரத்தில் ஏழு

வீட்டுப் பத்திரத்தில்
ஜன்னல் ஐந்து, ரேடியேட்டர் ஐந்து, பால்கனி ஒன்று
என்று எண்ணி எழுதியிருந்தார்கள்.
நடைவழிச் சுவரில் காய்ந்து கிடந்த
ஏழு பசைக்கட்டிகளை
யாரும் எழுதவில்லை.

உள்ளங்கை அகலம். பழுப்பு நிறம்.
எல்லாம் என் இடுப்பை ஒட்டி.
கண்ணாடி ஒட்டிய தடம் என்றான் ஐனார்ஸ்.
இடுப்பைப் பார்க்கவா கண்ணாடி என்றேன்.
நாய் வளர்த்திருப்பார்கள்,
அழகான நாயாக இருந்திருக்கும் என்றான்.

ரீகாவின் போல்டராயாவில் அது பிப்ரவரி.
காலையில் காரின் முன்கண்ணாடியில்
உறைபனி சுரண்டுகிற அதே தகட்டை
இரவில் சுவருக்குக் கொண்டுவந்தான்.
பனிக்கு ஒரு நியாயம் உண்டு,
சுரண்டினால் வழிவிடும்.
இது உடும்புப் பிடி.

முதல் கட்டியை இழுத்தபோது
பசை வரவில்லை, சுவர் வந்தது.
மஞ்சள் பெயின்ட், அதன் கீழ் பச்சை,
அதன் கீழ் பழைய செய்தித்தாள்.
ரஷ்ய எழுத்தில்
வானிலையோ மரண அறிவிப்போ,
பாதி வாக்கியத்தில் காரை தொடங்கிவிட்டது.

இரண்டாவதற்கு என் ஹேர் டிரையர்.
மூன்று நிமிடம் அசையாமல் பிடித்தால்
வியர்த்ததுபோல் பளபளக்கும், ஓரம் நெகிழும்.
அந்த நொடிதான்.
முந்தினால் காரை பெயரும், பிந்தினால் கல்.
தகட்டைப் படுக்கவைத்து
தூங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுவதுபோல் உருவ வேண்டும்.
எனக்கு வந்தது. அவனுக்கு வரவில்லை.
வினிகர், சுத்தியல், கெட்ட வார்த்தை
என்று அவன் வழி வேறு.
பதினோரு வருடமாக அப்படித்தான்.

மூன்றாவது இரவு, நான்காவது கட்டி,
கீழ்வீட்டு ரைதிஸ் கதவைத் தட்டினான்.
கன்னத்தில் தலையணை மடிப்பு.
இரண்டு மணிக்கு
ரொட்டி அடுப்பு மூட்டப் போக வேண்டியவன்.
மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள்
சுவரைப் பார்த்துவிட்டான்.
"அந்தக் கண்ணாடியா? என் வீட்டில்தான் இருக்கு."

காலுறையோடு இறங்கிப் போனோம்.
ஆணியில், தன் உயரத்துக்கு மாட்டியிருந்தான்.
கழற்றித் திருப்பினான்.
கண்ணாடியின் முதுகில் எட்டுக் கட்டிகள்.
ஏழில் பாதிப் பசை,
மீதி எங்களிடம்.
எட்டாவதில் பசை முழுசாக,
அதன் மேல் எங்கள் சுவரின் மஞ்சள்.

அந்த இடத்தில் எங்களிடம் ஒரு பள்ளம் இருக்கிறது.
கட்டில் தூக்கி வந்தவர்கள் இடித்தது என்று
அவர்களுக்கு இனாம் கொடுக்காமல் அனுப்பியிருந்தோம்.

யாருடையது என்று கேட்டேன்.
தபால்பெட்டியில் தாலிவல்திஸ் என்று பெயர்,
ஆளைப் பார்த்ததே இல்லை என்றான்.
வீட்டைக் காலிசெய்தவர்கள் இதை மட்டும்
எடுத்துக்கொள்ளலாம் என்று சீட்டெழுதி
படிக்கட்டில் சாய்த்துப் போனார்களாம்.
"விடிகாலை நான் வந்து படுக்கும்போது
என் கூரைமேல் சக்கரம் உருளும்.
சமையலறையிலிருந்து நடைவழி வரை. அங்கே நிற்கும்.
ஷேவர் சத்தம். திரும்ப உருளும்.
ஆறு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன்.
நீங்க சுரண்டுறதுதான் முடியல."

லிஃப்ட் கிடையாது இந்தக் கட்டிடத்தில்.
எங்களுடையது மூன்றாம் மாடி.
எங்கே போவதற்கு
தினமும் அவ்வளவு ஒழுங்காக ஒரு சவரம்?
படியேறும்போது இருவரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.
படிகளை மட்டும் நான் எண்ணினேன், ஐனார்ஸும்
எண்ணியிருக்க வேண்டும்,
பாதியில் ஒருமுறை நின்றான்.

அதற்குப் பிறகு பகலில் மட்டும் வேலை.

ஞாயிறு மதியம் கடைக்குப் போய் வந்தபோது
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து
கடைசிக் கட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.
சுவருக்கு நேர் எதிரே முகம்.
என்ன என்றேன்.
ஒன்றுமில்லை என்று தாடையைத் தடவினான்.
பசை தகட்டோடு வந்தது, காரை அசையவில்லை.

போட்டோ எடுக்கப் போனைத் தேடினான்.
கட்டைவிரலில் பசை காய்ந்திருந்தது.
உங்களை அடையாளம் தெரியவில்லை என்றது போன்,
மூன்று முறை.
என்னிடம் நீட்டினான்.
எண்கள் எனக்குத் தெரியும், போட்டேன்.